காலுக்குக் கீழே ஒரு பலகை

எங்கள் கொங்குப் பக்கத்தில் தலைச்சன் குழந்தைக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் தாய்வீட்டிலிருந்துதான் போகும். தொட்டில், வெள்ளி அரைஞாண், கொலுசு, பாலாடை, பவானி ஜமக்காளம் என்று சீர்ப் பொருள்களுக்கு யாரும் பட்டியல் எழுதித் தரவேண்டியதில்லை. வீட்டில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் தானாக வந்துவிடும். தாய்மாமன் என்ற முறையில் நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை கேட்டது அந்தப் பட்டியலிலேயே இல்லாத பொருள். "அண்ணா, வெள்ளிச் சாமான் இருப்பதே போதும். பாப்பாவுக்குச் சோறு ஊட்ட நல்லதாக ஒரு ஹை சேர் பார்த்து வாங்கிக் கொடுங்கள்" என்றாள். குழந்தையை உட்காரவைத்து ஊட்டும் உயரமான நாற்காலியைத்தான் சொன்னாள்.

பாப்பாவுக்கு அப்போது ஆறு மாதம் முடியும் தறுவாய். சின்ன உடல்வாகு. அதே வயதுக் குழந்தைகளோடு சேர்த்து உட்காரவைத்தால் ஒரு சுற்றுக் குறைவாகத் தெரிவாள். ஆரோக்கியத்தில் குறையொன்றும் இல்லை. எடை அவளுக்குரிய கோட்டில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் நாற்காலி என்று வரும்போது இந்தச் சின்ன உடம்புதான் முதல் கணக்கு. கடைகளில் நிற்கும் பெரும்பாலான ஹை சேர்களில் ‘ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை’ என்று ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் போதுமான இருக்கையில் ஆறு மாதக் குழந்தையை வைத்தால் அவள் எப்படி உட்காருவாள் என்பதை அந்த ஒட்டுக்காகிதம் சொல்வதில்லை.

ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவை கிராஸ்கட் சாலையிலும் கடைகளில் ஏறி இறங்கினேன். காட்டியவர்கள் சக்கரத்தைக் காட்டினார்கள், மெத்தையைக் காட்டினார்கள், சாய்த்துப் படுக்கவைக்கும் விசையையும் பாட்டுப் பாடும் தட்டையும் காட்டினார்கள். குழந்தையின் கால் எங்கே இருக்கும் என்று ஒருவரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டிய இடமாகப் படுகிறது. ஒரு ஹை சேரில் மற்ற எல்லாம் இருந்து, காலை ஊன்ற இடம் இல்லையென்றால் அது பாதி நாற்காலிதான்.

சந்தேகம் இருந்தால், தரைக்குக் கால் எட்டாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, காலை எதிலும் ஊன்றாமல் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே தொடை மரத்துப்போகும், முதுகு வளையும், ஒரு கை தானாக மேசை விளிம்பைப் பிடிக்கப் போகும். உடம்பு விழாமல் இருப்பதிலேயே குறியாக இருக்கும். வாயில் இருப்பதன்மேல் கவனம் நிற்காது. நமக்கே இப்படியென்றால், உட்காருவதையே போன மாதம்தான் பழகிய குழந்தைக்கு எப்படி இருக்கும்? அவளுக்கு மெல்லுவது புதிது, விழுங்குவது புதிது, கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது அதைவிடப் புதிது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 டிகிரியில் மடங்கி, உள்ளங்கால் எதன்மேலாவது பதிந்திருக்க வேண்டும் என்று குழந்தைகளுக்கு உண்ணப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் சொல்வது இதனால்தான்.

இதை நான் புரிந்துகொண்டது என் அம்மா பாப்பாவுக்கு ஊட்டுவதைக் கிட்ட இருந்து பார்த்தபோதுதான். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து எங்கள் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) அம்மா சம்மணம் போட்டு உட்காருவார். குழந்தையின் முதுகு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்கும். இடது கை குழந்தையின் இடுப்பைச் சுற்றி வந்து நிற்கும். பாப்பாவின் இரண்டு உள்ளங்கால்களும் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே, கெண்டைச் சதையின்மேல் நன்றாக ஊன்றியிருக்கும். முன்னால் வட்டலில் பருப்பும் சாதமும் நெய் விட்டுப் பிசைந்தது. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து வாய்க்கு நேராகக் கொண்டுபோய் அம்மா நிறுத்திவிடுவார், திணிக்கமாட்டார். பாப்பா தானாகக் காலை அழுத்தி ஓர் எட்டு முன்னால் வந்து வாயைத் திறப்பாள். அந்தக் கால் அழுத்தத்தைப் பார்த்த பிறகு, ஊன்ற இடமில்லாத நாற்காலி எதுவும் என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

பால் புகட்டும்போது அம்மா இப்படி உட்காரவைப்பதில்லை. காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைத் தலை உயர்த்திப் படுக்கவைத்துப் பாலாடையால் புகட்டுவார். பாலுக்குப் படுக்கை, சோற்றுக்கு நிமிர்ந்த இருப்பு என்ற வேறுபாடு அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் கடைகளில் பெருமையாகக் காட்டும் அந்தச் சாய்மான வசதிக்கு நான் பணம் கொடுக்கத் தயாராக இல்லை. கெட்டியான உணவைச் சாய்ந்த நிலையில் ஊட்டினால், குழந்தை தயாராவதற்கு முன்பே அது தொண்டைக்கு வழுக்கிப் போகும். நிமிர்ந்து இருந்தால், பிடிக்காததையும் பெரிதாகப் போனதையும் நாக்கால் வெளியே தள்ளிவிட அவளுக்கு வழி இருக்கும். சாய்த்தால் மட்டுமே குழந்தை அந்த நாற்காலியில் சரியாமல் இருக்கிறாள் என்றால், அவளுக்கு இன்னும் நாற்காலிக் காலம் வரவில்லை என்றுதான் பொருள்.

அந்தக் காலம் எப்போது வரும் என்பதற்கு நாள்காட்டி மட்டும் போதாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு பாலோடு சேர்த்து மற்ற உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதோடு தலை ஆடாமல் நிற்க வேண்டும். லேசான பிடிமானத்தோடு உட்கார வேண்டும். கரண்டியை நீட்டினால் நாக்கு அனிச்சையாக வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். இவை கூடிவராமல் நான்கு பக்கமும் தலையணை அடைத்து நாற்காலியில் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாப்பா சரிந்து சரிந்து விழுந்த வரைக்கும் மடிதான். மடியைவிட நல்ல நாற்காலி அந்த வயதுக்குக் கிடையாது.

அடுத்தது வார். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன். தட்டை மாட்டிவிட்டால் குழந்தை எங்கே விழப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தட்டு குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. சின்ன உடம்பாக இருந்தால் தட்டுக்கு அடியில் வழுக்கிக் கீழே போய்விடலாம். கொஞ்சம் வளர்ந்தால் தட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கலாம். அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரை மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்களை ஆராய்ந்ததில், ஹை சேர் தொடர்பான காயங்களோடு ஆண்டுக்குச் சராசரியாக 9,400-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்திருக்கிறார்கள். அவற்றில் 93 சதவீதம் கீழே விழுந்ததால் வந்தவை. விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் நாற்காலியில் ஏறிக்கொண்டோ நின்றுகொண்டோ இருந்திருக்கிறார்கள். வார் போட்டிருந்தால் நிற்க முடியாது.

தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் வார்தான் சின்னக் குழந்தைக்கு ஏற்றது. கால்களுக்கு நடுவே வாரோ ஒரு தண்டோ இல்லாத நாற்காலியைத் தொடவே வேண்டாம். வாங்கும்போது வாரை முழுவதும் இறுக்கிப் பாருங்கள். சில நாற்காலிகளில் கடைசி அளவு வரைக்கும் இறுக்கினாலும் சின்னக் குழந்தையின் தோளுக்குத் தொளதொளவென்று நிற்கிறது. பக்கிளை ஒரே கையால் நாம் கழற்ற வரவேண்டும், குழந்தையின் விரலுக்கு வரக்கூடாது. பாப்பாவைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்துப் பார்த்ததால்தான் இதெல்லாம் தெரிந்தது. இணையத்தில் வாங்குகிறவர்கள் குழந்தையின் முழங்கால் மடிப்பிலிருந்து உள்ளங்கால் வரையும், முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரையும் டேப் வைத்து அளந்துகொண்டு, இருக்கையின் ஆழத்தோடும் கால் பலகையின் தூரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தட்டின் உயரத்தையும் பலர் கவனிப்பதில்லை. தொப்புளுக்கும் மார்புக்கும் இடையே வந்தால் முழங்கையை அதன்மேல் இயல்பாக வைக்கலாம். பல நாற்காலிகளில் பாப்பாவுக்குத் தட்டு தோள் உயரத்துக்கு வந்தது. முகம் மட்டும் மேலே தெரிந்தது. கை தட்டின்மேல் வராத குழந்தை தானாக எடுத்துச் சாப்பிட எப்படிப் பழகும்?

மெத்தை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் ஊருக்கு மெத்தை வேண்டாம். தையல் இடுக்கிலும் பட்டன் குழியிலும் ஒரு பருக்கை போனால் போதும், எறும்பு வரிசை கட்டிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் ரெக்சின் மெத்தை குழந்தையின் முதுகில் ஒட்டி வியர்க்குரு போடும். இடுக்கே இல்லாத, ஈரத்துணியால் ஒரு இழுப்பில் துடைக்கக்கூடிய இருக்கைதான் நமக்குத் தோது. துடைத்தாலும் போகாத ஒன்று உண்டு என்றால் அது மஞ்சள். ஈரோட்டு மஞ்சள் போட்டுக் கடைந்த பச்சைப்பயறு வெள்ளைத் தட்டில் ஒருமுறை காய்ந்தால் சோப்புக்கு அசையாது. தட்டை மட்டும் கழற்றிக் கழுவி, ஈரம் காய்வதற்குள் வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் கறை வெளிறிவிடும். மஞ்சளின் நிறத்தை வெயில் தின்றுவிடும். முழு நாற்காலியையும் அப்படி வெயிலில் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கல். பாப்பாவுக்கு இரண்டு வீடு. திருப்பூரில் மேசையில் சாப்பிடுகிறார்கள். கோபியில் தரையில் சாப்பிடுகிறோம். எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும்போது குழந்தையை மட்டும் மூன்றடி உயரத்தில் தனியாக ஏற்றிவைத்தால் அவள் யாரைப் பார்த்து மெல்லக் கற்றுக்கொள்வாள்? நாம் சாப்பிடுவதைப் பார்த்துத்தானே குழந்தை சாப்பிடப் பழகுகிறது. அதனால் நாற்காலியின் கால்களைக் கழற்றிவிட்டுத் தாழ்வாகவும் பயன்படுத்தக்கூடிய வகையைத் தேடினோம். இப்படி மாற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் நாற்காலிகள் இப்போது சாதாரண விலையிலேயே எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. கழற்றினால் பஸ்ஸில்கூட மடிமேல் வைத்துக்கொண்டு போகலாம். தாழ்வாக வைக்கும்போது குழந்தையின் கால் தரையிலேயே ஊன்றிவிடும் என்பது கூடுதல் லாபம்.

உயரமாக வைக்கும்போதுதான் பழைய பிரச்சினை திரும்பி வரும். நாங்கள் எடுத்த நாற்காலிக்கு வார் நன்றாக இருந்தது, கால்கள் நன்றாக விரிந்து நின்றன, இடுக்கு இல்லை. கால் பலகையும் இல்லை. தெரிந்தேதான் எடுத்தோம். ஐகியாவின் புகழ்பெற்ற ஆன்டிலோப் நாற்காலியிலும் கால் பலகை கிடையாது. பல நாட்டுப் பெற்றோர் தாங்களாகவே ஒரு மரப்பலகையை அதன் கால்களில் மாட்டிக்கொள்கிறார்கள். கால் பலகையின் அருமையை உலகுக்குக் காட்டியது நார்வேக்காரரான பீட்டர் ஓப்ஸ்விக் 1972-இல் வடிவமைத்த ட்ரிப் ட்ராப் நாற்காலி. பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்த தன் மகனின் கால்கள் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்துத்தான் அவர் அதை யோசித்தார். பக்கச் சட்டங்களில் வரிசையாகக் காடி வெட்டி, இருக்கையையும் கால் பலகையையும் குழந்தை வளர வளர இறக்கிக்கொள்ளும்படி செய்தார். அதன் விலை நம்மில் பலருக்கு எட்டாது. அந்த யோசனை எட்டும்.

எங்கள் ஊர் ஆசாரியிடம் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் பாப்பாவின் காலை அளந்து வரச் சொன்னார். வேப்பம்பலகை ஒன்றை இழைத்து, விளிம்பை உருட்டி, உப்புத்தாள் போட்டுக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கும் அளவுக்கு வழவழப்பாக்கினார். முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே கிளாம்ப் போட்டு மாட்டுவது என்று திட்டம். ஆனால் நாற்காலியின் கால்கள் கீழே போகப் போக விரிகின்றன. பலகையை நாளைக்கு இறக்கினால் துளையும் காலும் நேருக்கு நேர் வராது. அதற்காகப் பலகையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, இரண்டு முனையிலும் வட்டத் துளைக்குப் பதிலாக நீளவாக்கில் பிளவு போலத் துளைத்துக் கொடுத்தார். இப்போது எந்த உயரத்துக்கும் போல்ட் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. வார்னிஷ் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிச் செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பலகை முன்கால்களின் கோட்டைத் தாண்டி வெளியே நீளக்கூடாது. நீண்டால், யாராவது அதன்மேல் பாரம் கொடுக்கும்போது நாற்காலி முன்பக்கம் கவிழும். இருக்கையின் அகலம் பாப்பாவுக்கு அதிகமாக இருந்ததற்குச் சென்னிமலைத் துண்டு இரண்டைச் சுருட்டி இடுப்பின் இரண்டு பக்கமும் வைத்தோம். முதுகுக்குப் பின்னால் ஒன்றை மடித்து வைத்ததும் முழங்கால் இருக்கையின் விளிம்புக்கு வந்தது, கால் மடங்கியது, உள்ளங்கால் பலகையில் பதிந்தது. வேகவைத்த அரசாணிக்காய் (பரங்கிக்காய்) துண்டை அன்றைக்குத் தானாகவே எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி கன்னத்தில், கொஞ்சம் வாயில்.

தங்கையின் மாமியாருக்கு இதில் அவ்வளவு சம்மதமில்லை. "மடியில் வைத்து ஊட்டினால்தானே சாமி பிள்ளைக்கு உடம்பில் ஒட்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ராத்திரிச் சாப்பாடு உங்கள் மடியிலேயே இருக்கட்டும் அத்தை, பகலில் மட்டும் நாற்காலி என்று சொன்னேன். அப்படித்தான் நடக்கிறது. மடியை ஒழிப்பதற்காக யாரும் நாற்காலி வாங்குவதில்லை. குழந்தையை அடக்கி வைக்க அதை வாங்குவதும் தப்பு. குழந்தையை நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்காரவைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஒரு வயதுக்குள் திரை என்பதே வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. தட்டின்மேல் செல்பேசியைச் சாய்த்துவைத்து வாயில் சோற்றைத் தள்ளும் காட்சியைக் கல்யாண மண்டபங்களில் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

நாற்காலியை எங்கே போடுவது என்பதும் வாங்குவதைப் போலவே முக்கியம். சுவருக்கோ மேசைக்கோ ஒட்டிப் போட்டால் குழந்தை காலால் உதைத்து நாற்காலியைப் பின்னால் சாய்த்துவிடும். கைக்கு எட்டும் தூரத்தில் சுடுகுழம்பு, மிக்ஸி வயர், மேசை விரிப்பின் நுனி எதுவும் இருக்கக்கூடாது. காக்காய் காட்டி, கன்றுக்குட்டி காட்டி ஊட்டலாம் என்று வாசலுக்குக் கொண்டுபோகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வாசல்களில் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் விட்டிருப்பார்கள். திண்ணைமேல் வைக்கவே கூடாது. வார் போட்டிருந்தாலும் தனியாக விட்டுப் போகக்கூடாது. புரை ஏறினால் இருமலாவது கேட்கும். தொண்டையை அடைத்தால் சத்தமே வராது.

ஹை சேர் கேட்டால் சில கடைகளில் வாக்கரையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். தட்டு இருக்கிறது, அதிலேயே ஊட்டிக்கொள்ளலாம் என்று காரணம் வேறு. வாக்கரில் குழந்தை தொங்கிக்கொண்டுதான் இருக்கும், உட்காராது. அதன் வேகத்தால் நடக்கும் விபத்துகளுக்காகக் கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. வேண்டாம்.

இப்போது என் சித்தி மகன் வீட்டிலும் குழந்தை உட்கார ஆரம்பித்திருக்கிறது. பரணில் பழைய மர நாற்காலி ஒன்று இருக்கிறது, அவனே சின்ன வயதில் உட்கார்ந்தது, இறக்கிக் கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான். மரம் உறுதியாக இருக்கலாம். ஆட்டம் இருந்தால் ஆசாரி சரி செய்துவிடுவார். புதிய வார் வாங்கிப் பின்பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிக்கொள்ளலாம். நான் பயப்படுவது அதன் பெயின்ட்டுக்கு. வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முன்னால் அடித்த பளபளப்பான பச்சையிலும் மஞ்சளிலும் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது நாற்காலியின் விளிம்பைத்தான். சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாமே என்றான். வீட்டுக்குள் வைத்துச் சுரண்டினால் அந்தத் தூசு பாயிலும் தரையிலும் படிந்து குழந்தையின் வாய்க்கே போகும். அந்த நாற்காலி பரணிலேயே இருக்கட்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா, நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.